மாமியார் வளைவு

நூலக டீச்சருக்கு அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘யாருசொன்னா’. எவர் வந்து எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தக் கேள்விதான். “டீச்சர், நாளைக்கு லீவாம்!” “யாரு சொன்னா?” “டீச்சர், தர்பூசணி விதையை முழுங்கினா வயித்துல செடி முளைக்குமாம்!” “யாரு சொன்னா?” கேட்கும்போது முகத்தில் கோபமோ கிண்டலோ இருக்காது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி பதிலுக்குக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் பிள்ளைகளுக்குத் தாங்காது.

இந்தப் பழக்கம் பள்ளியில் வந்ததல்ல. அதற்கு முன் பதினான்கு வருஷம் அவர் டெலிபோன் விசாரணைப் பிரிவில் இருந்தார். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு நம்பர் தேடிச் சொல்லும் வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள், தன் நாய்க்காகக் கால்நடை டாக்டரின் நம்பர் கேட்டவருக்கு, பக்கத்து நாற்காலிக்காரி “அது எனக்கே தெரியும்” என்று சொன்ன நம்பரைப் புத்தகத்தில் பார்க்காமலே கொடுத்துவிட்டார். அது ஒரு பாட்டு வாத்தியாரின் நம்பர். நாய்க்குச் சொந்தக்காரர் எடுத்த எடுப்பில், “ரெண்டு நாளா ஓயாம கத்துறான் சார், வாயைத் திறந்தா ஊளைதான் வருது” என்று புலம்பியிருக்கிறார். பாட்டு வாத்தியார் ஆறுதலாக, “பயப்படாதீங்க, கூட்டிட்டு வாங்க, மூணே மாசத்துல சரி பண்ணிடலாம்” என்றிருக்கிறார். மறுநாள் இருவரும் தனித்தனியாக வந்து புகார் எழுதிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தன் கண்ணால் பார்க்காத நம்பரை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

எல்லோர் கையிலும் போன் வந்தது. நம்பர் கேட்க ஆளில்லாமல் போனது. அந்தப் பிரிவை மூடியபோது அவருக்கு நாற்பது வயது. நூலகப் படிப்பைத் தபாலில் படித்து முடித்து இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். நூலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. ஒன்பது அலமாரி, நாலு கம்ப்யூட்டர். அலமாரிப் பக்கம் தூசி, கம்ப்யூட்டர் பக்கம் கூட்டம். பிள்ளைகள் தேடுவார்கள், முதலில் வருவதைத் திறப்பார்கள், அப்படியே நோட்டில் இறக்குவார்கள். ஒரு பையன் திமிங்கலம் பற்றி நாலு பக்கக் கட்டுரை எழுதி, கடைசி வரியாக, அழகான கையெழுத்தில், “மேலும் படிக்க இங்கே அழுத்தவும்” என்று முடித்திருந்தான்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார். தலைமையாசிரியை அந்தக் கடைசி வரியை ஒற்றை விரலால் அழுத்திப் பார்த்தார். “ஒண்ணும் திறக்கலையே” என்றார். இருவரும் சிரித்து முடித்தபோது, ஒன்பதாம் வகுப்புக்கு வியாழக்கிழமை கடைசி பீரியட் நூலக டீச்சருக்குக் கிடைத்திருந்தது. யாரும் கேட்காத பீரியட் அது.

முதல் நாலு வாரம் வகுப்பு படுத்துவிட்டது. எழுதினவர் யார் என்று பார்க்க வேண்டும், என்றைக்கு எழுதினார் என்று பார்க்க வேண்டும், அதனால் அவருக்கு ஏதாவது ஆதாயம் உண்டா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் பலகையில் எழுதிப் போட்டார். பிள்ளைகள் அதையும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒருத்தர்கூட “இதை யாரு சொன்னா?” என்று அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

ஐந்தாவது வாரம் பலகையைத் தொடவில்லை. பாட்டு வாத்தியார் கதையைச் சொன்னார். சிரிப்பு அடங்கியதும், “நம்ம ஊரைப் பத்தி நெட்ல ஒரே ஒரு வரி எடுத்துக்கோங்க. அந்த வரி எங்க பொறந்ததுன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க. சரியா தப்பான்னு எனக்குச் சொல்ல வேண்டாம். யாரு முதல்ல சொன்னாங்கன்னு மட்டும் சொன்னா போதும்” என்றார்.

மூன்று பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவதால் ‘வக்கீல்’ என்று பெயர் வாங்கிய ஒரு பெண். வகுப்பிலேயே உயரமான, ‘ஒட்டகம்’ என்கிற பையன். எதையும் பேசாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிற ‘பென்சில்’ என்கிற இன்னொரு பெண். அவர்கள் எடுத்துக்கொண்டது பெரிய சாலையின் வளைவை.

அந்தச் சாலை ரயிலடியிலிருந்து நூல் பிடித்த மாதிரி நேராக வரும். பேக்கரிக்கு முன்னால் மட்டும், ஒரு காரணமும் இல்லாமல், இடது பக்கம் ஒதுங்கி மறுபடி நேராகும். பஸ்ஸில் நிற்கிறவர்கள் அந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாயாமல் தப்பிக்க முடியாது. அந்த இடத்துக்கு மாமியார் வளைவு என்று பெயர். சாலை போட வந்த எஞ்சினியருக்கும் அவர் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். மாமியார் வீட்டு வாசல் வழியாகப் போகக் கூடாது என்று சாலையையே வளைத்துவிட்டாராம்.

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு டீச்சர்? மேப்லயே மாமியார் வளைவுன்னு போட்டிருக்கு!” என்றான் ஒட்டகம்.

“மேப்புக்கு யாரு சொன்னா?” என்றார் டீச்சர்.

“அட, ஆமாம்ல” என்றாள் வக்கீல்.

இரண்டு வாரம் அவர்கள் நாலாவது கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை. முப்பத்தேழு பக்கங்களில் அந்தக் கதை இருந்தது. ஊர் சுற்றுகிறவர்களுக்கான ஒரு பக்கம் அது இருநூறு வருஷத்துக்கு முன் நடந்தது என்றது. இன்னொன்று எஞ்சினியரை வெளிநாட்டுக்காரர் ஆக்கியிருந்தது. மூன்றாவதில் மாமியாரின் ஆவி இன்னும் பேக்கரி வாசலில் நிற்கிறது. பென்சில் ஒரு சார்ட் தாளில் எது எப்போது எழுதப்பட்டது என்று தேதிவாரியாகக் கோடு போட்டு வந்தாள். பின்னால் போகப் போகக் கதை சுருங்கியது. முதலில் ஆவி போனது, அப்புறம் வெளிநாடு போனது, இருநூறு வருஷமும் போனது. துப்பு கொடுத்தது ஓர் எழுத்துப் பிழை. பத்தொன்பது பக்கங்களில் ‘வளைவு’ என்பது ‘வலைவு’ என்று இருந்தது.

“பத்தொன்பது பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும்?” என்றாள் வக்கீல். “ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்காங்க. பரீட்சையில நாம மாட்டிக்கிறோமே, அதே மாதிரி.”

அடுத்த வியாழக்கிழமை மூவரும் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்கள். ஊற்று கிடைத்துவிட்டது. பஸ் நேரம் போடுகிற ஒரு பழைய பக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர், பதினேழாம் நம்பர் பஸ் பேக்கரி பக்கத்தில் ஏன் இப்படி ஆட்டுகிறது என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே நாலே வரியில் மாமியார் கதை, அதே ‘வலைவு’டன். எழுதியவர் பெயர், ‘ஸ்டீரிங் மாமா’.

டீச்சரின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

அவர் கணவர் நகரப் பஸ் டிரைவர். பதினேழாம் நம்பர். அவருடைய அக்கா பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவது ஸ்டீரிங் மாமா என்றுதான். ல, ள, ழ மூன்றும் அந்த மனுஷனுக்கு ஒன்றுதான். வீட்டில் பிரிட்ஜ் கதவில் அன்று காலைதான் ‘வெல்லரிக்காய் வாங்கவும்’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

“டீச்சர், இந்த மாமா யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றாள் வக்கீல்.

தெரியவில்லை என்று சொல்லிவிட ஒரு நொடி மனம் துடித்தது. ஊருக்கே சரிபார்க்கச் சொல்லிக் கொடுக்கிறவள் வீட்டிலேயே ஊற்று. “அடுத்த வாரம் சொல்றேன்” என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். டீச்சர், டிரைவர், அவர்களோடு இருக்கும் டீச்சரின் அம்மா.

“பேக்கரி வளைவு கதையை நெட்ல எழுதினது நீங்களா?”

டிரைவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “எந்தக் கதை? ஓ, அதுவா! ஆமாம். நல்லா இருக்குல்ல?”

“முப்பத்தேழு பக்கத்துல இருக்கு.”

“முப்பத்தேழா!” அவர் முகம் பூரித்துப் போனது.

“அது என்ன, கதைங்கிற?” என்று அம்மா குறுக்கிட்டார். “அது நடந்தது. என் சிநேகிதி போன்ல அனுப்பினா. நான்தான் மாப்பிள்ளைக்கே சொன்னேன். இல்லையா மாப்பிள்ளை?”

டிரைவர் தண்ணீர் டம்ளரைத் தேடினார். “ஆமாம் அத்தை. சொன்னீங்க.”

“ரெண்டு தடவை சொன்னேன். புதுசா கேட்கிற மாதிரி வாயைப் பிளந்துகிட்டுக் கேட்டீங்க!”

“நீங்க அவ்வளவு ஆசையா சொன்னீங்க அத்தை. எப்படிக் குறுக்கே பேசறது?”

அம்மா மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். “அப்போ ஊர்ல இவ்வளவு பேர் சிரிச்சது என்னைப் பார்த்தா?” என்று கேட்டுவிட்டு, அவரே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்க வெகு நேரமானது.

டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “என் பிள்ளைங்க ரெண்டு வாரம் உழைச்சு உங்களைப் பிடிச்சிருக்காங்க. நீங்க வந்து பதில் சொல்லணும்.”

“ஸ்கூலுக்கா? நான் ஸ்கூலை விட்டு ஓடி முப்பது வருஷமாச்சு.”

“திரும்பி வாங்க. வியாழக்கிழமை கடைசி பீரியட்.”

ஷிப்டை மாற்றிக்கொண்டு, இஸ்திரி போட்ட சீருடையில் அவர் வந்தார். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் தனி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். “இவர்தான் ஸ்டீரிங் மாமா. என் வீட்டுக்காரர். நான் குறுக்கே பேச மாட்டேன், கேளுங்க” என்று டீச்சர் பின் வரிசைக்குப் போய்விட்டார். அரை நிமிஷம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சத்தம். அப்புறம் வக்கீல் எழுந்தாள்.

“மாமா, அந்த எஞ்சினியர் பேர் என்ன?”

“பேரு… மறந்துட்டேன்மா.”

“மறந்தீங்களா, வைக்கவே இல்லையா?”

டிரைவர் மனைவியைப் பார்த்தார். பின் வரிசையிலிருந்து உதவி வரவில்லை. “வைக்கவே இல்லம்மா.”

“மாமியார் வீடு எது?”

“இப்போ பேக்கரி இருக்கிற இடம்.”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. வளைவு வந்தா முதல்ல கண்ணுல படறது அதுதான்.”

ஒட்டகம் எழுந்தான். “எதுக்கு மாமா பொய் சொன்னீங்க?”

டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “ஒருநாள் அந்த வளைவுல ஒரு பெரியவர் கையில இருந்த முட்டைத் தட்டு கவிழ்ந்து, ஆபீஸ் போற ஒருத்தர் சட்டையெல்லாம் முட்டை. ரெண்டு பேரும் கையை ஓங்கிட்டாங்க. பஸ்ஸே ரெண்டு கட்சியாயிடுச்சு. நான் வண்டியை ஓரமா நிறுத்திட்டு எழுந்து, ‘கோவப்படாதீங்க, தப்பு இந்த ரோட்டைப் போட்டவன் மேல’ன்னு ஆரம்பிச்சேன். அப்படியே வாயில வந்தது மாமியார் கதை. எல்லாரும் சிரிச்சாங்க. சட்டைக்காரரும் சிரிச்சார். அதுக்கப்புறம் தினமும் யாராவது கேட்பாங்க, சொல்லுவேன். நெட்ல ஒருத்தர் கேட்டார், அங்கேயும் எழுதிட்டேன். பஸ்ல சொன்னப்போ என் மூஞ்சியைப் பார்த்து எல்லாருக்கும் இது விளையாட்டுன்னு தெரியும். நெட்ல என் மூஞ்சி தெரியாதுன்னு எனக்குத் தோணல.”

பென்சில் அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி அடிக்கோடு போட்டாள். பின் வரிசையில் டீச்சருக்கு, ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த வெட்கம் எழுந்து போன மாதிரி இருந்தது. நாலு வாரம் பலகையில் எழுதியும் தன்னால் சொல்ல முடியாததை அந்த மனுஷன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

“அப்போ ரோடு ஏன் வளையுது?” என்றாள் வக்கீல்.

“சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.”

“யாருக்குத் தெரியும்?”

அதற்கு விடை தேடித்தான் அடுத்த சனிக்கிழமை டீச்சரும் அந்த மூவரும் நகராட்சி அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். பழைய பதிவுகள் வைக்கும் அறை. அங்கே ஒரு பதிவுக்காரர், ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. ஆள் வந்ததைப் பார்த்ததும் அவர், “கழிப்பறை கீழ் மாடியில” என்றார். வரைபடம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, சுருள் சுருளாக இறக்கினார். தும்மல் ஒரு பக்கம், தேடல் ஒரு பக்கம். மதியத்துக்குள் கிடைத்துவிட்டது.

அறுபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய தாள். முதலில் சாலையை நேராகத்தான் வரைந்திருக்கிறார்கள். அப்புறம் சிவப்பு மையில் அதை அடித்துவிட்டு, இடது பக்கம் ஒதுக்கி, ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார்கள். சோதனைக்குத் தோண்டிய இரண்டு குழிகளிலும் மண் இளகிய களிமண், பாரம் தாங்காது, சாலையை விலக்கவும். கீழே ஒரு கையெழுத்து, தேதி.

“இவ்வளவுதானா?” என்றான் ஒட்டகம். ஆவி வரைக்கும் போன கதை மண்ணில் வந்து முடிந்ததை அவனால் தாங்க முடியவில்லை.

வக்கீல் தாளின் மேலேயே குனிந்திருந்தாள். “டீச்சர், அந்தக் குழி தோண்டின இடத்துலதானே பேக்கரி இருக்கு? பேக்கரிக்காரர் சுவர் விரிசலுக்கு பஸ்தான் காரணம்னு சண்டை போடுவாரே?”

போடுவார்தான். ஊருக்கே தெரியும். விரிசலைப் படமெடுத்து, பஸ் அதிர்வால் வந்தது என்று நெட்டிலும் போட்டிருந்தார். பதினேழாம் நம்பர் வளைவில் திரும்பும்போதெல்லாம் ரொட்டி எடுக்கும் இடுக்கியை ஆட்டிக் காட்டுவார். டிரைவரும் ஹாரன் அடித்துப் பதில் சொல்வார். இது வருஷக்கணக்காக நடக்கிற சம்பாஷணை.

பதிவுக்காரர் போட்டுக் கொடுத்த நகலோடு நால்வரும் பேக்கரிக்குப் போனார்கள். பேக்கரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்த வந்திருக்கீங்க” என்று டீச்சரைப் பார்த்து முறைத்தார்.

“என்னை நம்ப வேண்டாம். கட்டட எஞ்சினியர் யாரையாவது கூப்பிட்டுப் பாருங்க. நீங்களே தேர்ந்தெடுங்க” என்றார் டீச்சர்.

பத்து நாளில் அவரே தேடிப்பிடித்த ஓர் எஞ்சினியர் பின்சுவர் ஓரமாகத் தோண்டச் சொன்னார். முழங்கை ஆழத்திலேயே களிமண் வழவழவென்று வந்தது. பேக்கரிக்காரர் ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்து, “என் மாவை விட இளக்கமா இருக்கே!” என்றார். பஸ் போவதும் கொஞ்சம் காரணம்தான், ஆனால் பெரிய காரணம் காலடியில் இருக்கிறது என்று எஞ்சினியர் எழுதிக் கொடுத்தார். அஸ்திவாரத்தைப் பலப்படுத்தி, விரிசலைப் பூசியபின் அது திரும்ப வரவில்லை. பேக்கரிக்காரர் தன் பழைய படத்துக்குக் கீழே தானே திருத்தம் எழுதினார். ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு தட்டு கேக் வந்தது. இடுக்கியை இப்போதும் ஆட்டுகிறார், ஆனால் சிரித்துக்கொண்டு.

டிரைவரும் ஒருநாள் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழைய வரிகளுக்குக் கீழே எழுதினார்: “இது பஸ்ஸில் சிரிப்பதற்காக நான் விட்ட கதை. உண்மைக் காரணம் களிமண். இந்த வளைவில் கம்பியைப் பிடித்துக்கொள்ளவும்.” ள-வை மனைவியிடம் கேட்டுப் போட்டார். பிள்ளைகள் மேப்புக்காரர்களுக்கும் எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த இடத்தைப் பலரும் அப்படித்தான் அழைக்கிறார்கள், ஆகவே பெயர் இருக்கட்டும் என்று. ஒட்டகம் கோபப்பட்டான். வக்கீல் யோசித்து, “அவங்க சொல்றதும் சரிதான். கதைதான் பொய். பேர் நிஜமாவே அதுதானே?” என்றாள். அன்றைக்கு முழு பீரியடும் அந்தச் சண்டையிலேயே போனது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மறுவருஷம் தலைமையாசிரியை எட்டாம் வகுப்புக்கும் ஒரு பீரியட் ஒதுக்கினார், அதுவும் காலை நேரத்தில்.

பஸ்ஸில்தான் சிக்கல். டிரைவர் இப்போது களிமண் கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. “சும்மா இருங்க, மாமியார்தான் காரணம், நெட்லயே இருக்கு” என்று போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வரைபடத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தன் சீட்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். அதன் கீழே, அசல் எங்கே இருக்கிறது, எந்த மாடி, எத்தனை மணி வரை என்று எழுதி வைத்தார்.

போன மாதம் பதிவுக்காரரிடமிருந்து டீச்சருக்கு ஒரு போன் வந்தது.

“மேடம், உங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. இந்த வாரம் மட்டும் ஒன்பது பேர் வந்துட்டாங்க அந்தத் தாளைப் பார்க்க. நாற்காலி பத்தலைன்னு ஆபீஸ்ல எழுதிக் கேட்டு ஒரு பெஞ்சு வாங்கியிருக்கேன்.”

குரலில் அலுப்பு இருந்த மாதிரியும் இருந்தது, பெருமை இருந்த மாதிரியும் இருந்தது.

“ஒன்பது பேரும் பார்த்தாங்களா?” என்றார் டீச்சர்.

“பார்த்தாங்க, நல்லா பார்த்தாங்க. ஏழு பேர் ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பேர் மட்டும், அந்தச் சிவப்பு மைக் கையெழுத்து அந்த மாமியாரோட மருமகன் போட்டதா இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”